குண்டும் சம்பாவும் கலந்த மிளகாயைத் திரும்பப் பெறுவது எப்படி?

கேள்வி: ராமநாதபுரம் குண்டையும் சம்பாவையும் கலந்து கிடைத்த செடி மனதுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதன் விதையைப் போட்டால் ஒன்றில் நீளக் காய், அடுத்ததில் உருண்டை. அதே காய் மீண்டும் கிடைக்குமா?

பதில்: கலப்பில் கிடைத்த முதல் தலைமுறைச் செடியின் விதையைப் போட்டால், பெற்றோரின் குணங்கள் அப்படித்தான் பிரியும். பெற்றோர் இரண்டும் இருந்தால் மறுபடி கலந்துவிடுங்கள். மறுநாள் மலரவிருக்கும் மொட்டை மாலையில் மெல்லப் பிரித்து, மகரந்தப்பைகள் வெடிக்கும் முன் இடுக்கியால் அகற்றுங்கள். காலையில் மற்றதன் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, மூடி, அடையாளத்துக்குக் காம்பில் நூல் கட்டுங்கள்.

கேட்டவர்: நன்றி ஐயா. சம்பாவின் காரமும் குண்டின் தடித்த தோலும் ஒரே காயில் வேண்டும்.

இன்னொரு பதில்: அப்படியானால் பிரிந்த செடிகளைப் பிடுங்கிவிடாதீர்கள், அவைதான் செல்வம்! பிடித்த செடியை வலைத்துணியால் மூடுங்கள். தேனீக்கள் புகுந்தால் கலந்துவிடும். தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் 6 முதல் 8 தலைமுறைகளில் குணம் நிலைத்துவிடும்.