தோட்டத்து வீடு குரூப்: கௌதமோட 41 எச்பி

வியாழன்

7:42 பழனிச்சாமி: செந்திலு, வால்வைத் தொறக்கற அந்தப் புதுக் கேமுக்கும் பிஸ்டனுக்கும் அட்வான்ஸ் 30,000 இன்னைக்கே குடுக்கோணுமா? குமாரோட புல்லட் இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர்ல மாடல் போட்டு பையன் 41 எச்பி காட்டிப்போட்டான். நெசமா வருமா?

7:44 செந்தில்: சாயங்காலம் 6 மணிக்குள்ள சொல்லோணுங்ணா. இல்லீன்னா கேம் அரைக்கறவரு அடுத்த மாசம்தான்

7:45 வசந்தி: சனிக்கிழமை நிச்சயத்துக்கு சீர் தட்டு 21-ஆ 31-ஆ? நேத்துல இருந்து கேக்கறேன்

7:45 கௌதம்: வரும் பெரியப்பா 💪 6200 ஆர்பிஎம்ல 41

7:46 குமார்: வண்டி என்னோடது. ஞாபகத்துக்கு

7:58 பிரியா: டேய், மாடல் ஃபைல் பார்த்தேன். 6200-ல 41 எச்பின்னா டார்க், அதான் முறுக்குவிசை, 47 என்எம். பிஎம்இபி, அதான் அந்த டார்க்குக்கு ஈடான சராசரி சிலிண்டர் அழுத்தம், போட்டுப் பார்த்தியா?

7:58 கௌதம்: இல்லக்கா

8:03 பிரியா: டார்க்கை 4 பை-யால பெருக்கி கொள்ளளவால வகு. 535 சிசிக்கு 11 பார் வருது. ராயல் என்ஃபீல்டு கம்பெனியோட கான்டினென்டல் ஜிடி 535-ம் இதே 87 மிமீ போர் (சிலிண்டர் விட்டம்), 90 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓட்டம்). அது 4000-ல 44 என்எம், அதாவது 10.3 பார். அதான் அதோட உச்சம். 5100-ல 29.1 எச்பி குடுக்கறப்பவே 9.5 பாருக்கு இறங்கிருது. உன்னோடது ரெண்டு வால்வு, புஷ்ராடு, பிஸ்டன் சராசரி வேகம் வினாடிக்கு 18.6 மீட்டர். அந்த வேகத்துல 11 பாரா?

8:04 பழனிச்சாமி: அம்மிணி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு

8:04 செந்தில்: 41 வராதுங்ணா

8:04 கௌதம்: சித்தப்பா 😭

8:06 பழனிச்சாமி: அப்ப நம்ம கிணத்து மோட்டார் கதைதான். தகட்டுல 7.5, தண்ணி என்னமோ 5-க்கு

8:07 வசந்தி: அண்ணா, அவரு வாங்கிக் குடுத்து 11 வருசமாச்சு. இன்னும் ஓடுதில்ல?

8:07 குமார்: 3 தடவை காயில் கட்டி 🙊

8:08 வசந்தி: தட்டு 21-ஆ 31-ஆ

8:15 பிரியா: கௌதம், கிளியரன்ஸ், அதான் பிஸ்டன் டாப்புல நிக்கறப்ப மிச்சமிருக்கற இடம், 65.4 சிசி போட்டு கம்ப்ரஷன் விகிதம் 9.2 ஆக்கியிருக்க. ஹெட் கேஸ்கெட் எங்கடா? 87 மிமீ வட்டத்துக்கு 1 மிமீ கேஸ்கெட்டே 5.9 சிசி. சேர்த்தா 71.3. கம்ப்ரஷன் 8.5-தான்

8:16 கௌதம்: ஐயோ

8:16 செந்தில்: அந்த 65.4 ஏது? அளந்ததா?

8:16 கௌதம்: கேட் (கம்ப்யூட்டர் வரைபடம்) ஃபைல்ல இருந்து

8:24 செந்தில்: அதெல்லாம் ஆகாது கண்ணு. பட்டறைக்கு வா. பிளக்கை மாட்டி ஹெட்டைக் கவுத்து லெவல் வை. வால்வு விளிம்புலயும் ஹெட் முகத்துலயும் லேசா கிரீஸ். ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை மேல அமுக்கி, பியூரெட்ல (அளவுக் குழாய்) மண்ணெண்ணெய் விட்டு எத்தனை சிசி பிடிக்குதுன்னு பாரு. ஒரு குமிழி நிக்கப்படாது. அப்பறம் பிஸ்டனை டாப்புக்குக் கொண்டுபோயி, பேரல் முகத்துல இருந்து எவ்வளவு கீழ நிக்குதுன்னு டெப்த் மைக்ரோமீட்டர்ல பாரு. 0.1 மிமீ தப்பினா 0.6 சிசி. பிஸ்டன் தலை மேடா இருந்தா 10 மிமீ இறக்கி அதையும் ஊத்தி அளக்கோணும்

8:25 குமார்: ஹெட்டைக் கழட்டினா சனிக்கிழமை நான் எதுல வர்றது

8:25 வசந்தி: கார்ல வாங்கண்ணா. வேட்டி கட்டிட்டு புல்லட்டா

8:31 பிரியா: கேம் வளைவு, அதான் எந்த டிகிரில வால்வு எவ்வளவு தூக்குதுங்கற கணக்கு, எங்க இருந்து எடுத்த?

8:31 கௌதம்: அரைக்கறவரு குடுத்த சீட்டு

8:36 பிரியா: டியூரேஷன், அதான் வால்வு தொறந்திருக்கற டிகிரி, எந்த லிஃப்ட்ல (தூக்கற உசரம்) எழுதியிருக்குன்னு பாரு. 0.1 மிமீ-ல குடுத்த டிகிரியை 1 மிமீ-க்குன்னு போட்டிருக்க. அதான் வளைவு ரெண்டு பக்கமும் அகண்டு கிடக்கு, பவர் 6200-க்குத் தள்ளிப்போச்சு. டிகிரி தகடும் டயல் கேஜும் வெச்சு 5 டிகிரிக்கு ஒரு தடவை நீயே எடு

8:39 செந்தில்: அளக்கறப்ப ஒண்ணு. இதுல கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கற டேப்பட் ஹைட்ராலிக். வால்வு ஸ்பிரிங் அமுக்க அமுக்க உள்ள எண்ணெய் கசிஞ்சு உக்காந்துக்கும், டயல்ல லிஃப்ட் கம்மியா காட்டும். அளக்க மட்டும் மெல்லிசு ஸ்பிரிங் மாட்டிக்கோ

8:40 பிரியா: 👏 இது எங்க ஆபீஸ்லயே நிறையப் பேருக்குத் தெரியாது சித்தப்பா

8:40 செந்தில்: பட்டறைல ஏசி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்

8:41 பழனிச்சாமி: சம்பளமும்

8:52 பிரியா: இன்னும் இருக்கு. வால்வுக் காத்துக் குணகம் சீட்டோட உள்விட்டத்துக்குக் கணக்கிட்டது. நீ வால்வுத் தலை விட்டத்தைப் போட்டுட்ட, காத்து ஓசில கூடிப்போச்சு. உராய்வு 4 சிலிண்டர் கார் டெம்ப்ளேட்ல இருந்து அப்படியே. எஃப்எம்இபி, அதான் உராய்வுல போற அழுத்தம், 0.5 பார் தப்பினாலே 6200-ல ஏறக்குறைய 1.9 எச்பி. குழாய்களை 200 மிமீ துண்டா வெட்டியிருக்க, அழுத்த அலை மழுங்கிரும். துண்டு நீளம் இன்டேக்குக்குப் போர்ல 0.4 மடங்கு, எக்ஸாஸ்ட்டுக்கு 0.55 மடங்கு, உனக்கு 35, 48 மிமீ. காத்து 15 டிகிரி, கடல் மட்டம்னு இருக்கு. கோயமுத்தூர் 411 மீட்டர் உசரம், வெளில 35 டிகிரி. காத்து அடர்த்தி கனமீட்டருக்கு 1.225 கிலோ இல்ல, 1.09

8:53 கௌதம்: மலை மேலயா இருக்கோம்

8:53 குமார்: ஊட்டிக்கு ஓட்டிட்டுப் போயிப் பாரு தெரியும்

8:54 வசந்தி: ஊட்டி வர்க்கி யாராச்சும் வாங்கிட்டு வந்தா மாப்பிள்ளை வீட்டுக்கு வெக்கலாம்

8:55 பழனிச்சாமி: தட்டு 31 வெச்சுரு

8:55 குமார்: 21 போதும். நம்ம ராணி கல்யாணத்துக்கு 21-தான் வெச்சோம்

8:56 வசந்தி: அதைத்தான் சொல்ல வந்தேன், வேண்டாம் விடுங்க

9:10 பிரியா: இப்ப வண்டில இருக்கற பழைய கேமுக்கு ரன் பண்ணியா?

9:10 கௌதம்: இல்ல. எதுக்கு, அது தெரிஞ்சதுதானே

9:14 பிரியா: தெரிஞ்சதைத்தான்டா முதல்ல ஓட்டோணும். டைனோல (பவர் அளக்கற மெஷின்) பின் வீல்ல 24 வந்துச்சு. செயின், கியர், டயர்ல 12-ல இருந்து 15 சதவீதம் போகும், கிராங்க்ல, அதான் இன்ஜின்லயே, 27-28. உன் மாடல் பழைய கேமுக்கு அதைச் சொல்லோணும். நீ குடுத்தபடியே ஓட்டினேன், 34 சொல்லுது. பழைய கேமுக்கே 6 எச்பி பொய்

9:15 பழனிச்சாமி: 😂😂

9:47 பிரியா: எல்லாம் திருத்தி ஓட்டியாச்சு. பழைய கேம் 28.4. புதுக் கேம் 32.1, 5700-ல. பின் வீல்ல 27-28 எதிர்பார்க்கலாம். மொத்த நம்பரை விடு, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற 3.7-ஐ மட்டும் நம்பு. அதுவும் பிஸ்டனை மாத்தாம, கேம் மட்டும் மாத்தினதுக்கு

9:48 கௌதம்: 41-ன்னு காலேஜ்ல சொல்லிட்டேன்

9:49 செந்தில்: 5700-ல அந்த ஹைட்ராலிக் டேப்பட் தாங்குமா? உப்பிக்கிட்டா வால்வு மூடாது. சாஃப்ட்வேர் அதைச் சொல்லாதே

9:51 பிரியா: சொல்லாது சித்தப்பா. நாம குடுத்த வளைவுல வால்வு அச்சு அசலா போகுதுன்னே நினைக்கும். ஆர்பிஎம் லிமிட்டர் எங்க வெட்டுதுன்னும் அதுக்குத் தெரியாது. பிஸ்டனை மாத்தி கம்ப்ரஷன் ஏத்தினா நாக்கிங்கும் (பெட்ரோல் தானா வெடிச்சுத் தட்டறது) தனியாப் பார்க்கோணும்

9:53 பழனிச்சாமி: அப்ப பிஸ்டனுக்குப் பணம் வேண்டாம். கேமுக்கு மட்டும் எவ்வளவு?

9:54 செந்தில்: 12,000 குடுங்க, மீதி டைனோ பார்த்துட்டு. டைனோ சனிக்கிழமை 11 மணிக்கு புக் பண்ணியிருக்கு, பழைய கேம்லயே இன்னொரு தடவை ஓட்டி 24 சரிதானான்னு பார்க்கோணும்

9:54 வசந்தி: சனிக்கிழமை 11 மணிக்குத்தான் நிச்சயம்

9:55 செந்தில்: 10:30-12 முகூர்த்தம்னு போட்டிருக்கே. 10:30-க்கே முடிச்சுட்டா

9:55 வசந்தி: செந்திலு

9:56 குமார்: யாரும் வண்டியைத் தொடவேண்டாம். ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்

9:56 கௌதம்: ஞாயிறு டைனோ லீவுப்பா

10:20 பழனிச்சாமி: 12,000 போட்டாச்சு. வந்துச்சா பாரு

10:31 குமார்: கேம் வேணும்னு நான் எப்ப சொன்னேன்

10:32 வசந்தி: 25 தட்டு வெக்கறேன். ஒத்தப்படைதானே