அப்பாவின் கூரை வேலைக்கு கூகுள் மேப்பில் பெயரை மாற்றலாமா? டர்பன் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த்_மகள்

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் கூரை வேலையும் வாட்டர்புரூஃபிங்கும் செய்கிறார். தகரக் கூரை, ஓட்டுக் கூரை, மொட்டை மாடிக்கு டார்ச்-ஆன் ஷீட் (நெருப்பில் உருக்கி ஒட்டும் தார் ஷீட்) ஒட்டுவது எல்லாம் அவர் கை வேலைதான். இதுவரை தெரிந்தவர்கள் சொல்லித்தான் வேலை வந்தது. அது இப்போது குறைந்துவிட்டது. கூகுளில் ஒரு லிஸ்டிங் இருக்கிறது. அதில் அப்பாவின் தொழில் பெயர், போன் நம்பர், மங்கலான ஒரு படம், நாலைந்து ரிவ்யூ. அவ்வளவுதான்.

போன வாரம் விளம்பர வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு வந்து மூன்று யோசனை சொன்னார். பெயரை "டர்பன் ரூஃப் ரிப்பேர் வாட்டர்புரூஃபிங் 24 மணி நேரம்" என்று மாற்ற வேண்டுமாம். கடற்கரைப் பகுதியான உம்ஷ்லாங்காவில் விர்ச்சுவல் ஆபீஸ் முகவரி (ஆள் உட்காராமல் பெயருக்கு மட்டும் வைக்கும் முகவரி) ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, அங்கே இன்னொரு லிஸ்டிங் போட வேண்டுமாம். ஐந்து ஸ்டார் போடுகிறவர்களுக்கு பில்லில் தள்ளுபடி தர வேண்டுமாம். அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் மழைக்காலம் வருகிறது, வேலையும் வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேப்_ராஜா

நான் சின்னத் தொழில்களுக்கு இந்த லிஸ்டிங் வேலை செய்து கொடுப்பவன். அதனால் நேராகச் சொல்கிறேன். பெயரில் தேடும் சொல் இருந்தால் லிஸ்டிங் மேலே ஏறும். தினமும் கண்ணால் பார்க்கிறேன். "ரூஃப் ரிப்பேர் டர்பன்" என்று போட்டுப் பாருங்கள், முதலில் வருகிற பெயர்களே பதில் சொல்லும். உங்கள் அப்பா தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அவரை ஏற்கனவே தெரிந்தவர்தான் தேடிக் கண்டுபிடிப்பார்.

உம்ஷ்லாங்கா யோசனையும் தப்பில்லை. சாட்ஸ்வொர்த்திலிருந்து அது ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கே இருந்து தேடுகிறவருக்கு முதலில் அந்தப் பக்கத்து ஆட்களைத்தான் கூகுள் காட்டும். காசு இருக்கிற வீடுகள் அங்கே. கடல் காற்றில் தகரம் சீக்கிரம் துருப்பிடிப்பதால் வேலையும் நிறைய. ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஃபீனிக்ஸ்_எலக்ட்ரீஷியன்

ராஜா அண்ணே, பெயரில் சொல்லைச் சேர்த்தால் மேலே ஏறும் என்பதை நானும் மறுக்கவில்லை. எத்தனை நாளைக்கு ஏறும்? கூகுளின் விதி தெளிவாக இருக்கிறது. போர்டில், வண்டியில், பில்லில் என்ன பெயரோ அதுதான் லிஸ்டிங்கிலும் இருக்க வேண்டும். போட்டியாளர் யாராவது "திருத்தம் பரிந்துரை" என்று ஒரு தட்டுத் தட்டினால் போதும், பெயர் பழையபடி ஆகிவிடும். அது அதிர்ஷ்டமான முடிவு. துரதிர்ஷ்டம் என்றால் லிஸ்டிங்கையே முடக்கிவிடுவார்கள்.

எங்கள் பகுதியில் பிளம்பர் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. முறையீடு போட்டு, காகிதமெல்லாம் அனுப்பி, லிஸ்டிங் திரும்பி வருவதற்குள் அவருக்கு சீசனே போய்விட்டது. சம்பாதித்து வைத்திருந்த ரிவ்யூ எல்லாம் அத்தனை நாளும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

விர்ச்சுவல் ஆபீஸ் அதைவிட மோசம். வேலை நேரத்தில் உங்கள் ஆட்கள் அங்கே உட்கார்ந்திருந்தால்தான் அந்த முகவரி செல்லும். தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவதும் விதிமீறல். கூகுளை விடுங்கள், பொய்யான விளம்பரத்தை இந்த நாட்டின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது. 24 மணி நேரம் என்று போட்டுவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா போனை எடுப்பாரா?

வெருலம்_கொத்தனார்

இரண்டு பேரும் தேவையில்லாமல் சண்டை போடுகிறீர்கள். மகளே, இந்தக் கூகுளே வேண்டாம் என்கிறேன். என் வாழ்நாள் முழுக்கக் கொத்து வேலை செய்திருக்கிறேன், ஒரு விளம்பரம் போட்டதில்லை. ஒரு வீட்டில் சுத்தமாக வேலை செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் எட்டிப் பார்த்துக் கூப்பிடுவார். கோயில் கமிட்டியில் ஒருவர் சொன்னால் போதும், வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் சுற்றும்.

கூகுளைப் பார்த்து வருகிறவர்கள் ஐந்து பேரிடம் ரேட் கேட்பார்கள். நீங்கள் பெட்ரோல் செலவழித்துப் போய், ஏணி வைத்து ஏறி, அளந்து, கொட்டேஷன் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் போனே வராது. அது தொழிலா?

மேப்_ராஜா

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். உங்களுக்கு ஊர் முழுக்க ஆள் தெரியும். இந்தத் தங்கச்சியின் அப்பாவுக்கு அந்த வழியில் வேலை குறைந்துவிட்டது என்றுதானே கேள்வியே வந்திருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் பிறந்த பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க் போய்விட்டார்கள், வெளிநாடு போய்விட்டார்கள். அந்த வீடுகளுக்கு வந்த புதிய ஆட்களுக்கு உங்கள் கோயில் கமிட்டியைத் தெரியாது. கையில் போன்தான் இருக்கிறது.

ஓவர்போர்ட்_வீட்டுக்காரி

காண்டிராக்டர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கூப்பிடுகிறவள் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு மாடியில் ஒழுகல். ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. அதிலிருந்து யாரைக் கூப்பிடும் முன்னும் லிஸ்டிங்கை நன்றாகப் பார்ப்பேன். பெயர் நீளமாக, எல்லா ஊர் பெயரையும் அடுக்கி இருந்தால் எனக்கு முதலிலேயே சந்தேகம் வரும். ஸ்டார் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, கடைசி ரிவ்யூ எப்போது வந்தது என்று பார்ப்பேன். நாற்பது ரிவ்யூவும் ஒரே மாதத்தில் வந்து, எல்லாம் "சூப்பர் சர்வீஸ்" என்று மட்டும் இருந்தால் தாண்டிப் போய்விடுவேன்.

கடைசியில் நான் கூப்பிட்டவரின் லிஸ்டிங்கில் என்ன இருந்தது தெரியுமா? பாராபெட் சுவரும் (மாடிக் கைப்பிடிச் சுவர்) ஸ்லாபும் சேருகிற மூலையை நாலு படம் எடுத்துப் போட்டிருந்தார். பழைய ஷீட் உரிந்து வெடித்து நிற்பது ஒன்று. அதைச் சுரண்டி எடுத்து பிரைமர் அடித்தது ஒன்று. கேஸ் பர்னர் நெருப்பில் புது ஷீட்டின் அடிப்பக்கம் உருகி, ஓரத்தில் தார் லேசாகப் பிதுங்கி நிற்பது ஒன்று. வெள்ளிப் பெயிண்ட் அடித்து முடித்தது ஒன்று. எங்கள் வீட்டு மூலையும் அப்படியேதான் இருந்தது. இவருக்கு இந்த வேலை தெரியும் என்று அந்தப் படத்திலேயே புரிந்துவிட்டது.

இன்னொன்று, மூன்று ஸ்டார் ரிவ்யூ ஒன்றில் யாரோ "இரண்டு நாள் தாமதம்" என்று எழுதியிருந்தார். அதற்கு அவர், "மழை நின்று ஸ்லாப் காய்ந்தால்தான் ஷீட் பிடிக்கும், அதனால் தள்ளிப்போட்டேன். முன்கூட்டியே உங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டும்" என்று பதில் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு வேறு யாரையும் தேடவில்லை. கொத்தனார் ஐயா, நான் ஐந்து பேரிடம் ரேட் கேட்கவும் இல்லை.

வெருலம்_கொத்தனார்

அம்மா, நீங்கள் சொல்வது நியாயமாக இருக்கிறது. ஆனால் படம் போடுகிறார்களே, அதில் எனக்குப் பயம் உண்டு. வாடிக்கையாளர் வீட்டுப் படத்தை ஊருக்கே காட்டலாமா? இங்கே திருட்டு எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எந்த ஜன்னலுக்குக் கம்பி இல்லை, அலாரம் பெட்டி எங்கே இருக்கிறது, பின்பக்கச் சுவர் எவ்வளவு உயரம் என்று திருடனுக்கு நாமே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஃபீனிக்ஸ்_எலக்ட்ரீஷியன்

ஐயா சொன்னது முக்கியமான விஷயம். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போபியா (POPIA) சட்டமும் 2021 ஜூலை முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. அதனால் நான் வேலை ஒப்புக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்தியிலேயே படம் எடுத்துப் போடலாமா என்று கேட்டுவிடுவேன். சம்மதித்தாலும் வேலை நடந்த இடத்தை மட்டும் கிட்டத்தில் எடுப்பேன். வீட்டு எண், கேட், கார் நம்பர் பிளேட், அலாரம் எதுவும் வராது. ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்வேன், தெருப் பெயர் கிடையாது. கூரை வேலைக்கு இது இன்னும் சுலபம், மூலையும் ஃபிளாஷிங்கும் (கூரை சேருமிடத்தில் தண்ணீர் இறங்காமல் வைக்கும் பட்டை)தானே படம்.

தங்கச்சி, முதலில் லிஸ்டிங்கை "சர்வீஸ் ஏரியா" வகைக்கு மாற்றுங்கள். அப்பா பார்ட்டி வீட்டுக்குப் போய் வேலை செய்கிறவர், கடை கிடையாது. ஆகவே வீட்டு முகவரியை மறைத்துவிடலாம், மறைக்கவும் வேண்டும். போகிற ஊர்களை 20 வரை சேர்க்கலாம். இரண்டு மணி நேரக் கார் பயணத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் கூட அதற்குள் வரும். ஆனால் சேர்த்ததாலேயே அங்கெல்லாம் மேலே வந்துவிடும் என்று நம்பாதீர்கள். பொருத்தம், தூரம், எவ்வளவு பெயர் பெற்ற தொழில் என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுளே சொல்கிறது. காசு கொடுத்து அந்த வரிசையை மாற்ற முடியாது என்றும் சொல்கிறது. விளம்பரம் வேறு, அது தனியாக இருக்கிறது.

அப்புறம் பில்டர்ஸ் ஹாலிடே. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை கட்டுமானக்காரர்கள் எல்லோரும் மூடிவிடுவார்கள். டர்பனில் மழை கொட்டுவதும் அப்போதுதான். லிஸ்டிங்கில் "சிறப்பு நேரம்" என்று ஒன்று இருக்கிறது. அப்பா அந்த நாட்களில் ஒழுகலுக்கு வருவார் என்றால், ஒவ்வொரு தேதிக்கும் உண்மையான நேரத்தைப் போடுங்கள். மற்ற லிஸ்டிங் எல்லாம் "மூடியிருக்கிறது" என்று சிவப்பில் காட்டும்போது உங்களுடையது திறந்திருக்கும். வரமாட்டார் என்றால் மூடியிருக்கிறது என்றே போடுங்கள். திறந்திருக்கிறது என்று பார்த்துக் கூப்பிட்டு யாரும் எடுக்காவிட்டால், அந்தக் கோபம் ஒரு ஸ்டாராக வந்து விழும்.

மேப்_ராஜா

சிறப்பு நேரம் நல்ல யோசனை, என் பார்ட்டிகளுக்கும் சொல்கிறேன். விர்ச்சுவல் ஆபீஸையும் விட்டுவிடுகிறேன், இப்போதெல்லாம் வீடியோ சரிபார்ப்பு கேட்கிறார்கள், அதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் பெயர் விஷயத்தில் நான் மாறவில்லை. பெயரை மாற்ற வேண்டும் என்றால் உண்மையிலேயே மாற்றுங்கள். பக்கி வண்டியின் (பிக்கப் வண்டி) கதவில், பில்லில், கொட்டேஷனில், ஃபேஸ்புக்கில், எல்லா இடத்திலும் அப்பா பெயரோடு "ரூஃபிங்" என்று சேருங்கள். அப்போது லிஸ்டிங்கிலும் அதையே போடலாம். மறுபடி சரிபார்ப்பு கேட்பார்கள், செய்துகொள்ளலாம். விதியும் மீறவில்லை, தேடும் சொல்லும் வந்துவிடும்.

ஃபீனிக்ஸ்_எலக்ட்ரீஷியன்

இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஊர் பெயரும் "24 மணி நேரம்" என்பதும் கூடாது.

மேப்_ராஜா

ஊர் பெயரும் நிஜமாகவே தொழில் பெயரில் இருந்தால் போடலாம் தம்பி. நீங்கள் ரொம்பவும் பயப்படுகிறீர்கள்.

சாட்ஸ்வொர்த்_மகள்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். தள்ளுபடி ரிவ்யூ, உம்ஷ்லாங்கா முகவரி இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ரூஃபிங்" சேர்ப்பதற்குச் சம்மதம், பக்கியில் எழுத பெயிண்டரிடம் பேசியாகிவிட்டது. வீடியோவுக்கு என்னென்ன காட்ட வேண்டும்? முதன்மை கேட்டகிரி கூரையா, வாட்டர்புரூஃபிங்கா?

ஃபீனிக்ஸ்_எலக்ட்ரீஷியன்

வீடியோவை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தெருப் பெயர்ப் பலகையில் ஆரம்பித்து, வண்டிக் கதவில் எழுதிய பெயர், பின்னால் இருக்கிற பர்னர், ஷீட் சுருள், ஏணி, கடைசியில் தொழில் பெயர் உள்ள ஒரு பில் அல்லது பேங்க் காகிதம். எழுத்து எழுதி முடித்த பிறகு எடுங்கள், அவசரப்படாதீர்கள்.

கேட்டகிரி, எதில் அதிக வேலை வேண்டுமோ அதுதான் முதன்மை. மற்றதைக் கூடுதலில் போடலாம், ஒன்பது வரை இடம் உண்டு. ஆனால் செய்யாத வேலையைச் சேர்க்காதீர்கள். பெயிண்டிங் என்று போட்டால் பெயிண்டிங்குக்குத்தான் போன் வரும்.

வெருலம்_கொத்தனார்

மகளே, ஒன்று கேட்கிறேன். வேலை முடித்த அன்றைக்கே ரிவ்யூ கேட்கலாமா? எனக்கு அது பிச்சை கேட்கிற மாதிரி கூச்சமாக இருக்கிறது.

ஓவர்போர்ட்_வீட்டுக்காரி

ஐயா, கூரை வேலைக்கு அன்றைக்கே கேட்காதீர்கள். அடுத்த நல்ல மழை பெய்து முடிந்ததும் "ஒழுகல் இருக்கிறதா அம்மா?" என்று போன் செய்யுங்கள். இல்லை என்று சொன்னதும் ரிவ்யூ லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒழுகினால் லிங்க்கை விட்டுவிட்டு ஏணியோடு வாருங்கள்.

ஃபீனிக்ஸ்_எலக்ட்ரீஷியன்

ஒரு திருத்தம் அம்மா. ஒழுகினவர்களுக்கும் சரிசெய்து கொடுத்துவிட்டு அதே லிங்க்கை அனுப்ப வேண்டும். திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் கூகுளில் விதிமீறல்தான்.

வெருலம்_கொத்தனார்

சரி. அந்த லிங்க் எங்கே இருக்கிறது என்று என் பேரனுக்குப் புரிகிற மாதிரி யாராவது எழுதுங்கள்.