பின்சக்கர ஸ்பேசர்: முழு இரும்பா, வெல்டிங்கா?

வணக்கம். கொல்லிமலைச் சரிவில் ஓடும் மினி டிராக்டருக்குப் பின்சக்கர ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் இடைத்துண்டு) செய்ய வேண்டும். சக்கரத்தின் நடுத்தட்டான டிஸ்க்கைத் திருப்பி மாட்டியாகிவிட்டது, இன்னும் அகலம் தேவை.

பக்கத்துக்கு 75 மி.மீ. கூட்டினால் சக்கர அகலம் 1000-லிருந்து 1150 மி.மீ. ஆகும். எடை மையம் 600 மி.மீ. உயரம் என்றால் கவிழும் கோணம் 40 டிகிரியிலிருந்து 44 வரைதான் போகிறது. முன் அச்சு நடுப் பின்னில் ஆடுவதால் நிஜத்தில் அதற்கும் குறைவு. ஸ்பேசர் போட்டதும் தைரியமாகக் குறுக்கே ஓட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நீள போல்ட்டும் குழாய்த்துண்டும் வேண்டாம். போல்ட் வளைந்து வளைந்து கழுத்தில் முறியும். ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் அச்சு முனை) ஆறு, சக்கரத்துக்கு ஆறு என 30 டிகிரி தள்ளித் துளைகள், 10.9 கிரேடு (உயர் வலிமை) ஸ்டட் என்ற தலையில்லா போல்ட், ஹப் உதட்டில் இறுகி உட்காரும் நடுத்துளை. இதுவரை தெளிவு.

சந்தேகம் இங்கேதான். 250 மி.மீ. விட்டத்தில் முழு இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கடைந்தால் ஒன்று 25 கிலோவுக்கு மேல். 20 மி.மீ. தகடு இரண்டுக்கு நடுவே 35 மி.மீ. நீளமுள்ள தடித்த சுவர்க் குழாய் வைத்து வெல்டிங் செய்தால் எடை குறையும், ஆனால் சூட்டில் தகடு கோணும். முகத்துக்கு 3 மி.மீ. கூடுதல் விட்டு, வெல்டிங்குக்குப் பிறகு கடைந்தால் போதுமா? அந்த 35 மி.மீ. இடைவெளியில் நட்டை முறுக்க ஸ்பேனர் நுழையுமா?

சக்கரம் வெளியே போகப் போக அச்சு பேரிங்கில் சுமை ஏறும்; அதை நினைத்து ஸ்பேசரைப் பக்கத்துக்கு 50 மி.மீ.யோடு நிறுத்தி, டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது மேலா? தண்ணீர் எடை தரையில்தான் இறங்கும், பேரிங்கில் ஏறாது. செய்து ஓட்டியவர்கள் அளவோடு சொல்லுங்கள்.