மருந்தால் ஈரல் கெட்டபோது மூலிகை கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வெள்ளவத்தை மருமகள்:
மாமாவுக்குக் காசநோய்க் குளிசை தொடங்கிக் கொஞ்ச நாளில் ஓங்காளம், சாப்பாடு பிடிக்காது, அப்புறம் கண் மஞ்சள். மாமி கொழும்பில் மூலிகைக் கடைகள் இருக்கும் கபோஸ் லேனில் கீழ்க்காய்நெல்லி வாங்குவித்து மோரில் அரைத்துக் கொடுத்தார். குளிசையும் நிற்கவில்லை. வார்டில் டொக்டர் கேட்டது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை: "கண் மஞ்சளான பிறகும் குளிசை போட்டவரா?" மாமி வாய் திறக்காமல், சாறு இருந்த போத்தலைச் சேலைத் தலைப்பால் மூடினார். குளிசைகளை நிற்பாட்டி, ஈரல் தேறிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கினார்கள். மாமா இப்போது சுகம். சாறுதான் காப்பாற்றியது என்கிறார் மாமி.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
எங்கள் வீட்டில் ஈரலைக் கெடுத்தது பனடோல், அதாவது பரசிட்டமோல். தம்பிக்கு டெங்கு. நேரம் பார்க்காமல் இரண்டு இரண்டாகப் போட்டிருக்கிறான். அதோடு தடிமன் குளிசை வேறு, அதிலும் பரசிட்டமோல்தான். ஆஸ்பத்திரியில் அதற்கான மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீனை ஏற்றத் திறந்தார்கள், கட்டிலைச் சுற்றி அழுகிய முட்டை நாற்றம். "இதற்கு ஹீன் போவிட்டிய மூலிகையை அவித்துக் கொடுத்திருக்கலாமே" என்று பெரியம்மா அழுதார்.

பம்பலப்பிட்டி:
பெரியம்மா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். ஹீன் போவிட்டியவும் முசுமுசுக்கையும் எலிகளின் ஈரல் சேதத்தைக் குறைப்பதாக இலங்கை ஆய்வாளர்கள் 1989-இலேயே எழுதியிருக்கிறார்கள்.

தெஹிவளை பார்மசி:
அந்த எலிகளுக்குக் கொடுத்த நஞ்சு கார்பன் டெட்ராகுளோரைடு, பனடோல் இல்லை. பனடோலை வைத்துச் செய்த எலிச் சோதனைகளும் உண்டு. ஆனால் பலவற்றில் சாறு முதலில், நஞ்சு பிறகு. நம் வீடுகளில் கண் மஞ்சளான பிறகுதான் அம்மி கழுவுகிறோம். பரசிட்டமோல் ஈரலில் உடையும்போது ஒரு நச்சுப் பொருள் வரும். அதை அடக்குவது ஈரலிலேயே இருக்கும் குளுட்டாத்தயோன் என்ற பொருள். அளவு மீறினால் அந்த இருப்பு தீர்ந்து ஈரல் கலங்கள் சாகும். இருப்பைத் திரும்ப நிரப்புவதுதான் அசிட்டைல்சிஸ்டீன். குளிசை விழுங்கி 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் பலன் மிக அதிகம். கஷாயம் வற்றும்வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

காசநோய்க் குளிசையில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பிரசினமைட் மூன்றுமே ஈரலைத் தாக்கக்கூடியவை. சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனாலே கிளினிக்குக்கு ஓடுங்கள். நீங்களாகப் பாதியில் விட்டாலும் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். எதை நிற்பாட்டுவது, எதைத் தொடர்வது என்று கிளினிக்கில்தான் சொல்ல வேண்டும். குடித்த மூலிகையை மறைக்காமல் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கீழ்க்காய்நெல்லி என்று கட்டி விற்பதில் அதைப்போலவே இருக்கும் வேறு செடிகளும் கலந்து வருகின்றன.

வெள்ளவத்தை மருமகள்:
டொக்டரும் அந்தப் போத்தலைத்தான் கேட்டார். மாமி கொடுக்கவில்லை.