மேலதிகாரியும் கமக்காரரும் ஒருசேர மனதை உடைக்கும்போது வேலையில் ஊக்கத்தைக் காப்பது எப்படி?

கேள்வி: வயல்வரம்பு

வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் விவசாயப் போதனாசிரியராகக் கடமையாற்றத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பகுதியில் வீச்சு விதைப்புக்கு ஏக்கருக்கு மூன்று, நான்கு புசல் விதைநெல் போடுகிறார்கள். திணைக்களத்தின் சிபாரிசு ஏறத்தாழ இரண்டு புசல்தான். பயிர் நெருங்கி நின்றால் அடியில் காற்றோட்டம் குறைந்து கபிலநிறத் தத்தி என்ற பூச்சி பெருகும் என்பதால், காலபோகத்தில் (மாரிமழைக் காலச் செய்கையில்) அரை ஏக்கரில் ஒரு முன்மாதிரித் துண்டம் செய்து காட்ட எண்ணித் திட்டமொன்றை எழுதிக் கொடுத்தேன். மாதாந்தக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் என் மேலதிகாரி அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "தந்த இலக்கை முடியுங்கள், புதினங்கள் வேண்டாம்" என்றார். அதே வாரம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "பிள்ளை, நீங்கள் சொல்லித் தந்து நாங்கள் பட்டது காணும்" என்றார். அன்றிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிளை எடுக்கவே மனம் வருவதில்லை. விரும்பிப் படித்து வந்த வேலை இது. வெறுத்துப்போகாமல் இதில் எப்படி நிலைப்பது?

பதில் 1: குளத்தடி

தங்கச்சி, நான் முத்தையன்கட்டுக் குளத்தின் நீரில் வயல் செய்கிறவன். உங்களிடம் அப்படிப் பேசியவரின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, கூட்டெருவைப் போடுங்கள், விளைச்சல் குறையாது என்று எங்களிடம் வந்து சொன்னவர்கள் உங்களைப் போன்ற உத்தியோகத்தர்களே. மேலிடத்து உத்தரவை அவர்கள் சொன்னார்கள், அவர்களில் பிழையில்லை. ஆனால் நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலபோக விதைப்பு முடிந்து பயிர் நின்றது. யூரியா போடவேண்டிய நாட்களில் கடையில் யூரியா இல்லை. பயிர் மஞ்சளித்து, மட்டம் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத்தண்டு) வெடிக்காமல் ஊசி ஊசியாக நின்றதை வரம்பில் நின்று பார்த்தவனுக்கு, அடுத்த முறை அரசாங்க வாகனத்தைக் கண்டாலே வயிறு எரியும். அதற்கு முன்னர் 2018 டிசம்பர் வெள்ளத்தையும், அதற்கும் முன்னர் 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடியதையும் கண்ட சனம் நாங்கள். ஒரு போகம் பிழைத்தால் நகை அடைவுக்குப் போகும். ஆகவே அந்தப் பெரியவரின் பேச்சை உங்கள் அறிவின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. விதையைக் கூடப் போடுவது புல்லை அடக்குவதற்காக. எலியும் குருவியும் தின்பதற்கும் ஒரு பங்கு வைத்தே விதைக்கிறோம். விதையைக் குறையுங்கள் என்று மட்டும் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். குறைத்தால் புல்லுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட்டத்தில் சொல்லாமல், பின்னேரம் அவர் வாய்க்காலில் தண்ணீர் மறிக்கும் நேரமாகப் பார்த்துப் போய்ச் சொல்லுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்றவர்

மகள், முப்பது ஆண்டுகள் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன் என்ற முறையில் மேலதிகாரியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் நடந்துகொண்ட விதம் தவறு. ஒருவரின் திட்டத்தைச் சபையில் வைத்துத் தட்டிவிடுவதற்கு எந்த நிர்வாக நியாயமும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்ற பிள்ளைகள் குற்றம் தங்களில்தான் என்று நினைத்துக் கருகிப்போவதைக் கண்டிருக்கிறேன்.

எனக்கும் அப்படி ஒருவர் வாய்த்திருந்தார். அவருக்கு அச்சம் தந்தவை இரண்டு: கணக்காய்வு, மற்றும் பொறுப்பு யார் தலையில் விழும் என்பது. அதை விளங்கிக்கொண்ட பிறகு, பணமும் கையொப்பமும் தேவைப்படாத அளவுக்கு என் முயற்சிகளைச் சிறிதாக்கினேன். அரை ஏக்கர் வேண்டாம். விருப்பமுள்ள ஒருவரின் வயலில் ஒரே ஒரு பாத்தியைக் கேளுங்கள். ஒரு மீற்றர் சதுரச் சட்டமொன்றைத் தடியால் கட்டி, விதை குறைத்த பாத்தியிலும் வழமைபோல் விதைத்த பக்கத்திலும் மட்டங்களை எண்ணிக் கொப்பியில் திகதியுடன் எழுதுங்கள். எனக்கு அந்தக் கொப்பிதான் துணையாக இருந்தது. பாராட்டு இல்லாத மாதங்களில் அதைத் திறந்து, சென்ற கிழமையை விட இந்தக் கிழமை என்ன நகர்ந்தது என்று பார்ப்பேன்.

பதில் 3: வவுனியாவிலிருந்து

நான் விவசாயத்தில் இல்லை, கணக்கு வேலை. ஓய்வுபெற்ற ஐயா சொன்ன கொப்பிக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. தெரேசா அமபிலே என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 238 ஊழியர்கள் எழுதிய ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்து, அர்த்தமுள்ள வேலையில் சிறிதளவேனும் முன்னேறிய நாட்களிலேயே மனிதர்கள் அதிக ஊக்கத்துடன் இருந்தார்கள் என்று கண்டார்கள். அக்கா, உங்களைப் போல் வெளிக்களத்தில் நிற்கும் இன்னொருவருடன் கிழமைக்கு ஒரு தடவையாவது பேசுங்கள். தனியாக இருந்தால் அந்தக் கூட்டத்தில் கேட்ட சொல்லே காதில் நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்: வயல்வரம்பு

எல்லோருக்கும் நன்றி. குளத்தடி அண்ணா எழுதியதைப் படித்த பிறகு நேற்றுப் பின்னேரம் அந்தப் பெரியவரின் வயலுக்குப் போனேன். விதையைப் பற்றி வாயே திறக்கவில்லை, 2021இல் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். பொழுதுபடும்வரை சொன்னார். புறப்படும்போது, வாய்க்கால் தலைப்பில் உள்ள சின்னப் பாத்தியைக் காட்டி, "அதில் வேணுமெண்டால் செய்து பார், புல் வந்தால் நீதான் பிடுங்கவேணும்" என்றார். சட்டம் கட்டத் தடி வெட்டி வைத்திருக்கிறேன்.