புதுப்பிப்பு: எல்.கே.ஜி. 25% இடம், திரும்பி வந்த வருமானச் சான்று மனு (காட்பாடி)

வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25% இலவச இடம்) சேர்க்கைக்காகப் போட்ட வருமானச் சான்று மனு ஏன் இரண்டு முறை திரும்பியது என்று கேட்டிருந்தேன். "கேன் பதிவுல முகவரி பழசா இருக்கான்னு பாருங்க" என்று ஒருவர் எழுதியதுதான் சரி. கேன் என்பது இ-சேவையில் மனுதாரருக்கான பதிவு எண். ஆதாரில் காட்பாடி, கேன் பதிவில் பழைய ஊர். மனு அந்த ஊர் வி.ஏ.ஓ.வுக்கே போய், "இந்த முகவரியில் குடியிருப்பு இல்லை" என்று திரும்பியிருக்கிறது.

இ-சேவை மையத்தில் முதலில் கேன் முகவரியை மாற்றி, ஓ.டி.பி. கொடுத்து உறுதி செய்தபின் ஆர்.இ.வி.-103 (வருமானச் சான்று மனு) புதிதாகப் போட்டோம். கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, மண்டலத் துணை வட்டாட்சியர் ஒப்புதலோடு வந்துவிட்டது. நலிவுற்ற பிரிவில் கேட்பவர்களுக்குச் சான்றில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று: தெருமுனையிலேயே இருக்கும் பள்ளி, 25% இடம் தரும் பள்ளிகளின் பட்டியலில் இல்லை. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 25% பொருந்தாது. வேலூர்ப் பக்கம் அப்படிப்பட்டவை நிறைய, பள்ளி வீட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் இருக்கிறதா என்று அளப்பதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% மருத்துவப் படிப்பு ஒதுக்கீடு போய்விடுமோ என்று பயந்தவர்களுக்கு: ஆர்.டி.இ.யில் எட்டாவது வரை தனியாரில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் அது உண்டு.