புகைப்படம், வண்ணம்: எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது?

கேள்வி: கேமராவைக் கையாளத் தெரியும். ஒளியும் வண்ணமும்தான் பிடிபடவில்லை. படம் பார்க்க மட்டுமல்ல, பயிற்சி செய்யவும் உதவும் புத்தகங்களைச் சொல்லுங்கள்.

பதில் 1: ஒளிக்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் 'தி நெகட்டிவ்' (1981). டெவலப்பர் (ஃபிலிம் கழுவும் ரசாயனம்) பக்கங்களைத் தாண்டிவிடலாம், கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒளியைப் படிகளாகப் பிரிக்கும் ஜோன் சிஸ்டம் அத்தியாயத்தை விடாதீர்கள். ஒளியை அளக்கும் மீட்டர் எதை அளந்தாலும் நடுச்சாம்பலாகத்தான் காட்டும்; அதனால்தான் கறுப்புச் சட்டை வெளிறிப்போகிறது. நிழலை ஸ்பாட் மீட்டரில் (சிறு இடத்தை மட்டும் அளப்பது) அளந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) குறைத்தால் இருட்டும் இருக்கும், நெசவும் தெரியும். இது நெகட்டிவ் ஃபிலிமுக்கான கணக்கு. டிஜிட்டலில் வெளுத்த இடம் திரும்பி வராது, அங்கே வெளிச்சப் பகுதியை முதலில் காப்பாற்றுங்கள்.

பதில் 2: வண்ணத்துக்கு ஓவியரும் ஆசிரியருமான யோசப் ஆல்பர்ஸின் 'இன்டராக்ஷன் ஆஃப் கலர்' (1963). மின்னூலாக வேண்டாம், திரைக்குத் திரை நிறம் மாறும். ஒரே தாளில் இரண்டு சிறு சதுரங்கள் வெட்டி, ஒன்றை மஞ்சள் மேலும் மற்றதை அடர்நீலத்தின் மேலும் வையுங்கள். இரண்டு வேறு நிறம் என்றே கண் சாதிக்கும். பெயின்ட் எடுக்காதீர்கள், அதே கலவை மறுமுறை அமையாது.

பதில் 3: வீட்டு அழகில் ஆர்வமிருந்தால் ஜப்பானிய எழுத்தாளர் ஜூனிசிரோ தனிசாகி 1933-இல் நிழலைப் பற்றி எழுதிய நீள்கட்டுரை, 'இன் பிரெய்ஸ் ஆஃப் ஷேடோஸ்'. மங்கிய வெளிச்சத்தில் அரக்குப் பாத்திரம் எப்படி மின்னும் என்ற பகுதி புகைப்படக்காரர்களுக்கும் பாடம்தான்.